கறுப்பு என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்த ஸ்டீவ் பிக்கோ

மனிதருக்குப் பெயர் சூட்டும் உரிமையை ஓர் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதைத் தென்னாப்பிரிக்க வரலாற்றில் தெளிவாகக் காணலாம். 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் அந்நாட்டில் பிறந்த ஒவ்வொருவரையும் இன்ன இனத்தார் என்று பதிவேட்டில் எழுதி வைத்தது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் பயிலலாம், யாரை மணக்கலாம் என்பனவெல்லாம் அந்த ஒரு பதிவைப் பொறுத்தே அமைந்தன. வெள்ளையர் ஒரு பிரிவு. ஏனைய அனைவரும் வெள்ளையரல்லாதார். பூங்கா இருக்கையிலும் இரயில் நிலையத்திலும் எழுதியிருந்த பலகைகள் இதையே கூறின. நாட்டின் பெரும்பான்மை மக்கள் தாம் யார் என்பதால் அறியப்படவில்லை. யார் அல்லர் என்பதால் அறியப்பட்டார்கள். அந்த ‘அல்லாதார்’ என்ற ஒட்டுச்சொல்லோடு போராடத் துணிந்த இளைஞர் ஸ்டீவ் பிக்கோ. சொல்லோடு உறவாடும் நம் வட்டத்து அன்பர்களும் கவிஞர்களும் அவர் வாழ்வையும் சாவையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பந்து ஸ்டீவன் பிக்கோ 1946 டிசம்பர் 18இல் பிறந்தார். பந்து என்பது மக்கள் எனப் பொருள்படும் ஆப்பிரிக்கச் சொல். கிழக்குக் கேப் பகுதியில் கிங் வில்லியம்ஸ் டவுன் என்னும் ஊரை ஒட்டிய கின்ஸ்பர்க் குடியிருப்பில் வளர்ந்தார். நான்கு வயதுக்குள் தந்தையை இழந்தார். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தும், பின்னர் மருத்துவமனையில் சமையல் செய்தும் பிள்ளைகளை வளர்த்தார். 1963இல் லவ்டேல் என்ற புகழ்பெற்ற பள்ளியில் சேர்ந்த சில மாதங்களிலேயே, அண்ணன் அரசியல் ஐயத்தின் பேரில் கைதானார். தம்பியையும் காவலர் விசாரித்தனர். பள்ளி அவரை வெளியேற்றியது. பின்பு நேட்டாலில் மரியன்ஹில் கத்தோலிக்கப் பள்ளியில் பயின்று, 1966இல் டர்பன் நகரில் நேட்டால் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியும் ‘ஐரோப்பியரல்லாதார்’ பிரிவாகத்தான் நடத்தப்பட்டது. ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் ஆகிய மூவகை மாணவரும் அங்கு ஒன்றாகப் பயின்றனர். அவர்களைப் பிரித்து வைக்க விரும்பிய அரசு, தன்னை அறியாமலேயே அவர்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்தது.

1967 ஜூலையில் கிரகாம்ஸ்டவுனில் தேசிய மாணவர் சங்கத்தின் மாநாடு கூடியது. இனவெறியை எதிர்ப்பதாகக் கூறிக்கொண்ட சங்கம் அது. தலைமையில் பெரும்பாலும் வெள்ளை மாணவர்கள். ஆனால் கறுப்பு மாணவர்களுக்குப் பல்கலைக்கழக விடுதியில் இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் தொலைவில் ஒரு தேவாலயக் கட்டடத்தில் தங்க வைக்கப்பட்டார்கள். மாநாட்டை ஒத்திவைக்க வேண்டுமென்று பிக்கோ கொண்டுவந்த தீர்மானம் இரவெல்லாம் விவாதிக்கப்பட்டுத் தோற்றது. வெள்ளை நண்பர்கள் கண்டனம் தெரிவித்தார்கள், வருத்தமும் பட்டார்கள், பின்னர் விடுதியில் சென்று உறங்கினார்கள். பகைவனின் கொடுமையைவிட நண்பனின் இந்த வசதிதான் பிக்கோவை மிகவும் சிந்திக்க வைத்தது எனலாம். ஒடுக்கப்பட்டவன் தனக்காகப் பேசும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்திருக்கும் வரையில் அவன் மனம் விடுதலை பெறாது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அதன் விளைவாக 1969இல் தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு தோன்றியது. பிக்கோ அதன் முதல் தலைவர். ஒளிவுமறைவற்ற பேச்சு எனப் பொருள்படும் ஃப்ராங்க் டாக் என்ற புனைபெயரில் அமைப்பின் செய்தி இதழில் கட்டுரைகள் எழுதினார். வெள்ளையரல்லாதார் என்ற சொல்லை அவ்வமைப்பு துறந்தது. கறுப்பர் என்ற சொல்லை ஏற்றது. இங்கே அன்பர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கறுப்பு என்பது அவர்களுக்குத் தோலின் நிறம் அன்று. சட்டத்தாலும் வழக்கத்தாலும் இழிவுபடுத்தப்பட்டு, அவ்விழிவை எதிர்த்து ஒன்றாக நிற்க உறுதி பூண்ட ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் அனைவருமே கறுப்பர். அதே வேளையில், கறுத்த தோல் இருந்தும் அடக்குமுறைக்குத் துணை போகிறவன் அப்பெயருக்கு உரியவன் அல்லன். பிறப்பால் வருவதைத் தெரிந்தெடுத்துப் பெறுவதாக மாற்றிய வரையறை இது.

டர்பனில் இதைச் சொல்வது எளிதன்று. 1860இல் சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலில் இறங்கிய இந்தியருள் தமிழர் பெருந்தொகையினர். 1949 ஜனவரியில் அதே டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டனர். அந்த நினைவு ஆறாத நகரத்தில், இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோசா இளைஞர் இந்தியரையும் தம் பெயருக்குள் அழைத்தார். ஸ்டிரினி மூட்லியும் சதாசிவன் என்ற இயற்பெயர் கொண்ட சத்ஸ் கூப்பரும் அவ்வழைப்பை ஏற்று முன்னணியில் நின்றார்கள். மூட்லி என்பது நம் முதலியின் நேட்டால் வடிவமே. இவர்கள் நாடகக்காரர்களும் ஆவர். நேட்டால் இந்தியர் அனைவரும் இதை ஏற்றனர் என்று எழுதினால் அது உண்மையாகாது. 1971இல் புத்துயிர் பெற்ற நேட்டால் இந்தியக் காங்கிரசு இந்தியர் என்ற பெயரை விடவில்லை. அஞ்சி ஒதுங்கியவரும் பலர்.

1972இல் மருத்துவக் கல்லூரி பிக்கோவை நீக்கியது. 1973 மார்ச்சில் அரசு அவருக்குத் தடையாணை விதித்தது. கிங் வில்லியம்ஸ் டவுன் எல்லையை அவர் தாண்டக்கூடாது, கூட்டத்தில் பேசக்கூடாது, எதையும் வெளியிடக்கூடாது, அவர் சொன்னதைப் பிறர் எடுத்தாளவும் கூடாது. அந்த எல்லைக்குள்ளேயே அவர் செயல்பட்டார். அரசின் உதவியை எதிர்பாராமல் எழுந்த சனெம்பிலோ என்ற மருத்துவ நிலையம் 1975இல் சின்யோகா சிற்றூரில் திறக்கப்பட்டது. டாக்டர் மாம்ஃபேலா ராம்ஃபேலே அதைப் பொறுப்பேற்று நடத்தினார். தாம் பட்டம் பெற இயலாமற்போன மருத்துவம் தம் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் பிக்கோ குறியாக இருந்தார்.

இதற்கிடையில் கூப்பர், மூட்லி உள்ளிட்ட ஒன்பது பேர் மீது பயங்கரவாதச் சட்டத்தின்படி வழக்குத் தொடரப்பட்டது. குண்டோ துப்பாக்கியோ அன்று, எழுத்தும் பேச்சும் நாடகமும் கவிதையும் அங்கே சான்றுகளாக வைக்கப்பட்டன. கவிதைக்கு ஆற்றல் உண்டா என்று நம் கூட்டங்களில் அடிக்கடி வாதிடுகிறோம். பிரிட்டோரியா அரசு வழக்கறிஞர்களுக்கு அதில் ஐயம் இருக்கவில்லை. 1976 மேயில் பிக்கோ அவ்வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியாகச் சில நாட்கள் பேசினார். வாய் அடைக்கப்பட்டிருந்தவரின் குரல் நீதிமன்றத்தின் வழியே நாடெங்கும் கேட்டது. அடுத்த மாதம் 16ஆம் நாள் சொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆண்டிறுதியில் ஒன்பது பேரும் ஐந்து, ஆறு ஆண்டுத் தண்டனை பெற்று ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டனர்.

1977 ஆகஸ்ட் 18இல், தடையை மீறிக் கேப் டவுன் சென்று திரும்பிக்கொண்டிருந்த பிக்கோவும் தோழர் பீட்டர் ஜோன்சும் கிரகாம்ஸ்டவுன் அருகே சாலைத் தடுப்பில் பிடிபட்டனர். போர்ட் எலிசபெத்தில் வால்மர் காவல் நிலையத்தில் பிக்கோ ஆடையின்றி அடைக்கப்பட்டார். செப்டம்பர் 6இல் சான்லாம் கட்டடத்தின் 619ஆம் அறைக்கு விசாரணைக்காகக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அவர் தலையில் பட்ட அடியால் மூளை சிதைந்தது. பேச்சு குழறியது, நடை தள்ளாடியது. ஆயினும் சங்கிலியால் பிணைத்தே வைத்திருந்தனர். வரவழைக்கப்பட்ட ஐவர் லாங் என்ற மருத்துவர் குறை ஏதும் காணவில்லை என்று சான்றெழுதித் தந்தார். முதுகுத்தண்டு நீரில் இரத்த அணுக்கள் தென்பட்ட பின்னும் அவர் மீண்டும் காவல் அறைக்கே அனுப்பப்பட்டார். நிலைமை முற்றியபோது பெஞ்சமின் டக்கர் என்ற மற்றொரு மருத்துவர் அவரை மருத்துவமனையில் சேர்க்க விரும்பினார், காவல் அதிகாரி மறுத்தார், மருத்துவர் இணங்கினார். செப்டம்பர் 11 இரவு லாண்ட் ரோவர் வண்டியின் பின்புறத்தில் ஆடையற்ற உடலோடு கிடத்தப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து, பிரிட்டோரியா சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். மறுநாள் அங்கே உயிர் நீத்தார். வயது முப்பது. மனைவியையும் இளங்குழந்தைகளையும் விட்டுச் சென்றார்.

நீதித்துறை அமைச்சர் ஜிம்மி குரூகர் பிக்கோ உண்ணாநோன்பிருந்து இறந்ததாக அறிவித்தார். தம் கட்சி மாநாட்டில் இந்தச் சாவு தம்மைச் சிறிதும் பாதிக்கவில்லை என்று கூறினார். அவையில் சிரிப்பு எழுந்தது. ராண்ட் டெய்லி மெயில் நாளிதழ் உண்ணாநோன்புக் கதை பொய் என்பதை வெளிப்படுத்தியது. பின்னர் காவலர் கைகலப்பு என்றும், சுவரில் தலை மோதியது என்றும் கதையை மாற்றினார்கள். பிரிட்டோரியாவின் பழைய யூதத் தொழுகைக் கூடத்தில் நடந்த மரண விசாரணையில் குடும்பத்துக்காக சிட்னி கென்ட்ரிட்ஜ் வாதிட்டு, மருத்துவர்களையும் காவலர்களையும் நாள்தோறும் தலைகுனிய வைத்தார். 1977 டிசம்பர் 2இல் நடுவர் பிரின்ஸ் அளித்த தீர்ப்போ மிகச் சிறியது: எவர் மீதும் குற்றமில்லை.

இக்கொலை ஆளும் வெள்ளைச் சமூகத்தின் மனச்சான்றை உடனே உலுக்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 30இல் நடந்த தேர்தலில் வெள்ளை வாக்காளர்கள் ஆளுங்கட்சிக்கு 165இல் 134 இடங்களை வழங்கினார்கள். அதற்கு முன் அக்டோபர் 19இல் கறுப்புணர்வு இயக்கத்தின் அமைப்புகள் யாவும் தடை செய்யப்பட்டன. தி வோர்ல்ட் நாளிதழ் மூடப்பட்டது. பிக்கோவின் நண்பரான டெய்லி டிஸ்பேட்ச் ஆசிரியர் டொனால்ட் வுட்ஸ் தடையாணைக்கு உள்ளாகி, நாட்டை விட்டுத் தப்பிச் சென்று நூல் எழுதினார். அதைத் தழுவிய 1987ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் பிக்கோவைவிட வுட்சின் தப்பியோட்டமே மிகுதியான இடம் பெறுவது ஒரு குறை.

நாட்டின் பிற மக்களிடம் விளைவு வேறாயிருந்தது. சாலைத் தடுப்புகளையும் மீறி, செப்டம்பர் 25இல் பல்லாயிரவர் இறுதி ஊர்வலத்தில் கூடினர். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு உரையாற்றினார். நவம்பர் 4இல் ஐ.நா. பாதுகாப்பு அவை தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதைக் கட்டாயமாகத் தடுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. தடை செய்யப்பட்ட இயக்கத்தின் மொழி கவிதைக்குள் புகுந்தது. 1978இல் தொடங்கிய ஸ்டாஃப்ரைடர் இதழில் குடியிருப்புப் பகுதிக் கவிஞர்கள் பலர் எழுதினார்கள்.

மருத்துவ உலகில் நேர்ந்த மாற்றம் தனியே குறிப்பிடத்தக்கது. லாங், டக்கர் இருவர் மீதும் நடவடிக்கைக்கு இடமில்லை என்று மருத்துவக் கழகம் கைகழுவியது. பிரான்சஸ் ஏம்ஸ், பிலிப் டோபியாஸ், யூசுஃப் வெரியாவா உள்ளிட்ட ஆறு மருத்துவர்கள் தம் தொழிற்கழகத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். வேலைக்கும் பெயருக்கும் ஊறு நேரக்கூடிய காலம் அது. 1985இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறுவிசாரணையில் டக்கர் தொழிலிலிருந்து நீக்கப்பட்டார், லாங் கண்டிக்கப்பட்டார். சிறைக்குள்ளும் நோயாளியே மருத்துவனின் முதற்பொறுப்பு என்பதை விளக்க, மருத்துவ அறவியல் வகுப்புகளில் இன்றும் இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டப்படுகிறது.

விடுதலைக்குப் பின் அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணையம் உண்மையைச் சொல்பவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கலாம் என்ற ஏற்பாட்டை பிக்கோ குடும்பத்தார் எதிர்த்தனர். 1996இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றார்கள். மன்னிப்புக் கேட்ட முன்னாள் காவலர் ஐவரும் பழைய சுவர்க் கதையையே ஏறக்குறையத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் உண்மையை முழுதும் கூறவில்லை என்று ஆணையம் 1999இல் மன்னிப்பை மறுத்தது. 2003இல் போதிய சான்றில்லை என்று வழக்குத் தொடரவும் அரசுத் தரப்பு மறுத்தது. தந்தை இறந்தபோது சிறுவனாயிருந்த மூத்த மகன் நிகோசிநாதி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 2025 செப்டம்பர் 12இல், சரியாக 48 ஆண்டுகளுக்குப் பின், மரண விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. போர்ட் எலிசபெத் இப்போது கெபெர்ஹா என்று பெயர் மாறியிருக்கிறது. விசாரணை தொடங்கியது அந்நகரத்து உயர்நீதிமன்றத்தில்தான்.