காற்றின் திசை அறிந்தவர்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஸ்டூர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் ஈஸ்ட் பெர்கோல்ட். அவ்வூரில் 1776ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ஜான் கான்ஸ்டபிள் பிறந்தார். அவருடைய தந்தை மாவு ஆலைகளின் உரிமையாளர், தானிய வணிகர். தம் தொழிலை மகன் ஏற்றுநடத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். அதனால் கான்ஸ்டபிள் இளமையில் ஓராண்டளவு காற்றாலையில் பணிபுரிந்தார்.

காற்றாலையை இயக்குவோர் வானத்தின் மீது கண் வைத்தபடியே இருத்தல் வேண்டும். காற்று வரும் திசை நோக்கி ஆலையைத் திருப்புதல் வேண்டும். அதன் வேகத்திற்கேற்ப இறக்கைச் சட்டங்களில் பாய்த்துணியை விரிக்கவோ சுருட்டவோ வேண்டும். வானத்தைப் படிக்கும் இப்பயிற்சி கான்ஸ்டபிளின் வாழ்நாள் முழுதும் துணைநின்றது.

ஆயினும் அவர் உள்ளம் ஓவியத்தையே நாடியது. அவ்வூரில் குழாய், கண்ணாடி வேலை செய்துவந்த ஜான் டன்தார்ன் என்பவரும் ஓவிய ஆர்வலர். இருவரும் வயல்வெளிகளுக்குச் சென்று வரைந்து மகிழ்ந்தனர். 1799இல் கான்ஸ்டபிள் லண்டன் ராயல் அகாதெமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். தைலவண்ணம் பயில்வோர் முன்னோரின் ஓவியங்களைப் படியெடுத்துக் கற்பது அன்றைய வழக்கம். அடிவண்ணம் எத்துணை மெல்லியது, அதன்மேல் ஒளி எவ்வாறு ஏற்றப்பட்டது என்பனவற்றைக் கண்ணைவிடக் கையே நன்கு அறியும். கான்ஸ்டபிளும் கிளாட், ரூயிஸ்டால் முதலியோரின் படைப்புகளைப் படியெடுத்தார்.

எனினும் 1802இல் அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. பிறர் ஓவியங்களின் பின்னே ஓடி, உண்மையை இரவலாகத் தேடிவிட்டதாக டன்தார்னுக்கு மடல் எழுதினார். இயற்கையிடமே நேரில் கற்பது எனத் துணிந்து ஊர் திரும்பினார். அத்துணிவின் விளைவே 1821இல் உருவான ‘வைக்கோல் வண்டி’ என்னும் ஓவியம். அது 1824இல் பாரிசு கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

புகழ் வந்தபின் துயரங்களும் தொடர்ந்தன. 1828இல் மனைவி மரியா, ஏழு குழந்தைகளை விட்டு மறைந்தார். மறு ஆண்டு ராயல் அகாதெமியின் முழு உறுப்பினராகும் பெருமை கிடைத்தபோது அதைப் பகிர்ந்துகொள்ள அவர் இல்லை. 1832 ஆகஸ்டில் உற்ற நண்பர் ஜான் ஃபிஷரும் மறைந்தார்.

அடுத்த மாதம், ஐம்பத்தாறு வயதான கான்ஸ்டபிள் மீண்டும் மாணவரானார். பின்னாளில் பிரதமரான இராபர்ட் பீலிடம் இருந்த ரூயிஸ்டாலின் பனிக்கால ஓவியத்தைப் படியெடுத்தார். பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தின் பனிநிலமும் வெண்பனி மூடிய மரங்களும் இரு காற்றாலைகளும் கொண்ட காட்சி அது. மூலத்தோடு முற்றும் ஒத்திராதபடி ஒரு நாயை மட்டும் கூடுதலாக வரைந்தார். முடித்த ஓவியத்தை டன்தார்னின் மகனும் தம் ஓவியக்கூட உதவியாளராய் இருந்தவருமான இளைய ஜான் டன்தார்னுக்கு அக்டோபர் இறுதியில் காட்டினார். சில நாள்களில் அவ்விளைஞரும் முப்பத்து நான்கு வயதில் இறந்தார். அத்துயரை அப்படத்தின் பின்புறத்திலேயே கான்ஸ்டபிள் குறித்துவைத்தார்.

1836இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய சொற்பொழிவில் அவ்வோவியத்தின் நுட்பத்தை அவர் விளக்கினார். ஓர் ஆலையின் பாய்கள் சுருட்டப்பட்டுள்ளன. வேலை நின்றபோது வீசிய காற்றின் திசையை நோக்கி அது நிற்கிறது. மற்றோர் ஆலையோ பாய்விரித்து வேறு திசை நோக்கியுள்ளது. ஆகவே காற்று மாறிவிட்டது. அத்திசையில் முகில் விலகி ஒளி தோன்றுகிறது, அது தெற்கு. எனவே பொழுது விடியுமுன் பனி உருகத் தொடங்கும். தாம் வரைந்ததை ரூயிஸ்டால் முற்றும் உணர்ந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று என்றார் கான்ஸ்டபிள்.

இளமையில் அவர் இரவல் என்று ஒதுக்கிய கல்வி முதுமையில் புதுப்பொருள் பெற்றது. காற்றாலையில் உழைத்த கையே ரூயிஸ்டாலின் ஆலைகளை வரைந்தது. காற்றின் மாற்றத்தை அறிந்த கண்ணே அவற்றின் பொருளைக் கண்டது. இயற்கையை நேரில் கற்றவருக்கே முன்னோரின் ஓவியமும் தன்னைத் திறந்து காட்டியது.

அச்சொற்பொழிவுக்கு அடுத்த ஆண்டு, 1837 மார்ச் 31ஆம் நாள், கான்ஸ்டபிள் லண்டனில் காலமானார்.