நான்கு சக்கரங்களின் நாயகன் ஹாரி ஃபெர்குசன்



நடவு சமயத்தில் வத்திராயிருப்பு வயல்காட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பிளவக்கல் அணைத் தண்ணீர் பாய்ந்த வயலில், கேஜ் வீல் மாட்டிய சிவப்பு டிராக்டர் ஒன்று தொளி அடித்துக்கொண்டிருக்கும். அதன் பானெட்டில் மாசி ஃபெர்குசன் என்று எழுதியிருக்கும். மாசி நமக்குத் தெரிந்த மாதம்தான். ஃபெர்குசன் யார்? ஓட்டுகிறவரைக் கேட்டால் கம்பெனி பெயர் என்பார். நம்ம ஆட்டோமொபைல் மாணவர்களிலும் பலர் அதற்கு மேல் போவதில்லை.

அது ஒரு மனிதரின் பெயர். டிராக்டரோடு நின்றுவிடாமல், கடைசிப் பத்து வருடங்களையும் கைக்காசையும் வேறொன்றில் கொட்டியவர் அவர். ஒரு காரின் நான்கு சக்கரங்களும் எந்நேரமும் இழுக்க வேண்டும் என்பதே அது. ஃபுல் டைம் ஃபோர் வீல் டிரைவ் நல்லதா, ஆல் வீல் டிரைவ் நல்லதா, பனியில் எது நிற்கும் என்று இன்று விடுதி அறையில் நடக்கிற வாக்குவாதத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. நம்ம ஊரில் பனி ஏது என்று கேட்காதீர்கள். டிப்ளமோவைக் கையில் வாங்கிய பின் வேலை எங்கே கிடைக்கும், மணாலியிலா லடாக்கிலா என்று யார் கண்டது? தவிர, டயருக்குத் தொளியும் பனியும் ஏறக்குறைய ஒரே தலைவலிதான்.

ஹாரி ஃபெர்குசன் 1884 நவம்பர் 4-ஆம் தேதி அயர்லாந்தில் டவுன் மாவட்டத்து டிரோமோர் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவின் வயல் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1902-ல் பெல்பாஸ்ட் நகரில் அண்ணன் ஜோ நடத்திய கார், சைக்கிள் ரிப்பேர் கடையில் போய்ச் சேர்ந்தார். எண்ணெய்க் கையோடு விமானப் பைத்தியமும் பிடித்தது. தானே விமானம் கட்டினார். 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோவில் சுமார் 120 மீட்டர் தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணில் இன்ஜின் விமானத்தில் முதலில் பறந்தவர் அவர்தான். 25 வயசு! நம்மில் சிலர் அந்த வயசில் அரியர் பேப்பர் எழுதிக்கொண்டிருப்போம்.

1917-ல் உலகப்போர் காலம். உணவுத் தட்டுப்பாடு. நாட்டில் ஓடுகிற டிராக்டர்களைச் சரியாக வேலை வாங்க வழி பார்க்கும்படி அயர்லாந்து வேளாண்மை வாரியம் அவரிடம் பொறுப்புக் கொடுத்தது. அன்றைய டிராக்டர் கலப்பையை மாட்டுவண்டி மாதிரி பின்னால் கட்டி இழுத்தது. கலப்பை பாறையில் மாட்டினால் போதும், முன்பக்கம் குதிரை மாதிரி எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே விழும். பலர் அப்படிச் செத்திருக்கிறார்கள். சக்கரம் வழுக்காமல் இருக்க டிராக்டரைக் கனமாகச் செய்தார்கள். கனம் கூடினால் மண் இறுகிப்போயிற்று.

ஃபெர்குசன் வேறு மாதிரி யோசித்தார். கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு ஒரே உடம்பாக இணைத்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. கலப்பை மண்ணில் இழுபடும் விசையே மேல்கை வழியாக டிராக்டரை அமுக்கிப் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் கொடுக்கும், முன்பக்கமும் எழும்பாது. ஆழத்தை ஹைட்ராலிக் பார்த்துக்கொள்ளும். இன்றைக்கு உலகத்தில் எந்த டிராக்டரின் பின்பக்கம் போய்ப் பார்த்தாலும் அந்த மூன்று புள்ளி இணைப்புதான். எடையைக் கூட்டாமல் பிடிமானத்தைக் கூட்டுவது என்ற ஒரே எண்ணம் அவர் வாழ்க்கை முழுக்க ஓடுகிறது. பின்னால் காருக்கு வந்தபோதும் அதையேதான் செய்தார்.

1938-ல் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டு முன்னால் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். இரண்டு பேரும் எழுத்தில் ஒன்றும் எழுதாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டர் வந்து சக்கைப்போடு போட்டது. கிழவர் ஃபோர்டு 1947-ல் காலமானார். பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு அந்தக் கைகுலுக்கலை மதிக்கவில்லை. அதே அமைப்போடு தானே டிராக்டர் செய்யத் தொடங்கினார். ஃபெர்குசன் 25 கோடி டாலருக்கும் மேல் கேட்டு வழக்குப் போட்டார். 1952-ல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலரில் சமரசம் ஆனது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வாய்ப்பேச்சை நம்பி கான்ட்ராக்ட் எடுக்கப்போகிற சிவில் நண்பர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

இதற்கிடையில் இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அவருக்காக டிஇ20 டிராக்டரைச் செய்தது. (நம்ம தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் தாய் வீடும் அதுதான்.) 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. சின்னச் சாம்பல் நிற வண்டி. இந்த வண்டிதான் அவரைப் பனிக்குக் கொண்டுபோனது. எட்மண்ட் ஹிலாரி, ஆமாம், எவரெஸ்ட் ஹிலாரியே, 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தை அடைந்தது மூன்று ஃபெர்குசன் டிராக்டர்களில்! பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி பனியில் புதைந்துவிடும் என்பதால், முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து ரப்பர் பட்டை சுற்றினார்கள். பனிப்பிளவில் ஒன்று விழுந்தால் மற்றது தாங்கிப்பிடிக்க வண்டிகளைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு போனார்கள்.

1953-ல் தன் டிராக்டர் கம்பெனியை கனடாவின் மாசி ஹாரிஸ் கம்பெனியோடு இணைத்தார். அங்கே ஒத்துப்போகவில்லை, சீக்கிரமே விலகினார். அந்தக் கம்பெனியின் கூட்டுறவோடு 1960-ல் சென்னையில் தொடங்கியதுதான் டாஃபே. வத்திராயிருப்புத் தொளிக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்த வழி இது.

இனி கார். பிரெட்டி டிக்ஸன், டோனி ரோல்ட் என்ற இரண்டு பந்தய வீரர்கள் நாலு சக்கர இழுவைக் கார் ஒன்றில் கை வைத்திருந்தார்கள். ரோல்ட் சாமானியர் அல்லர்; போர்க்கைதியாகக் கோல்டிட்ஸ் கோட்டையில் இருந்தபோது, தப்பிப்பதற்காகப் பரணில் ரகசியமாகக் கிளைடர் கட்டிய குழுவில் ஒருவர். ஃபெர்குசன் 1950-ல் ஆராய்ச்சிக் கம்பெனி தொடங்கி இவர்களைச் சேர்த்துக்கொண்டார். வடிவமைக்க ஆஸ்டன் மார்ட்டினில் இருந்த கிளாட் ஹில் வந்தார்.

அவர்கள் முன்னால் இருந்த சிக்கலை முதலில் பார்ப்போம். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட நீளமான பாதையில் போகும். பழைய ஜீப்பில் ஃபோர் வீல் கியர் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். சேற்றில், பனியில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் முறுக்கேறிக் கியர் உடையும். அதனால் தேவைப்படும்போது மட்டும் போடு. அது பார்ட் டைம். நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வைத்தால் எந்நேரமும் ஓட்டலாம். அது ஃபுல் டைம். ஆனால் சாதா டிஃபரன்ஷியலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரே ஒரு சக்கரம் ஐஸில் சுழன்றால், மற்ற மூன்றுக்கும் இழுவை போய்விடும். தொளியில் ஒரு பக்கச் சக்கரம் சும்மா சுற்ற, டிரைவர் டிஃப் லாக்கை மிதிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை.

ஃபெர்குசன் குழு மைய டிஃபரன்ஷியலையும் வைத்து, அதற்கு ஒரு கடிவாளமும் போட்டது. முன், பின் வேக வித்தியாசம் திருப்பத்துக்குத் தேவையான அளவு வரைக்கும் சுதந்திரம். அதைத் தாண்டினால் கிளட்ச் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் எந்தக் கம்பியையும் தொட வேண்டாம். இந்தக் கடிவாளம்தான் கண்டுபிடிப்பு. பின்னாளில் கிளட்ச் இடத்தில், சிலிக்கான் திரவத்தில் தகடுகள் சுற்றுகிற விஸ்கஸ் கப்ளிங் வந்தது.

இன்று ஆல் வீல் டிரைவ் என்று விற்கிற பெரும்பாலான வண்டிகள் வேறு ஜாதி. சாதாரணமாக முன்சக்கரம் மட்டுமே இழுக்கும். அது வழுக்கத் தொடங்கியதும், அல்லது வழுக்கும் என்று கம்ப்யூட்டர் கணித்ததும், ஒரு கிளட்ச் பின்சக்கரத்தையும் சேர்க்கும். ஆனால் சில கம்பெனிகள் ஃபுல் டைம் அமைப்பையே ஆல் வீல் டிரைவ் என்கின்றன. ஆகவே ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். நடுவில் டிஃபரன்ஷியலா, கிளட்ச்சா என்று கேளுங்கள்.

பனியில் கணக்கைப் போடுவோம். 1600 கிலோ வண்டி, ஒவ்வொரு சக்கரத்திலும் 400 கிலோ என்று வையுங்கள். இறுகிய பனியில் உராய்வுக் கெழு சுமார் 0.2. சக்கரத்துக்கு 80 கிலோ விசை. எட்டுக்கு ஒன்று ஏற்றம் ஏற 200 கிலோ விசை வேண்டும். இரண்டு சக்கரம் இழுத்தால் 160, ஏறாது. நான்கும் இழுத்தால் 320, ஏறிவிடும். இது இரண்டு ஜாதிக்கும் பொது. வித்தியாசம் நேரத்தில்தான். சுழலத் தொடங்கிய சக்கரம் பக்கவாட்டுப் பிடிமானத்தையும் இழக்கிறது. ஏற்றமான ஒரு வளைவில், முன்சக்கரம் வழுக்கிய பிறகு பின்சக்கரம் வந்து உதவுவதற்குள் மூக்கு வெளியே போயிருக்கும். முதலிலிருந்தே நான்கும் பங்கு போட்டு இழுத்தால் வழுக்கலே தள்ளிப்போகிறது. விடாத பனிக்கும் மலைக்கும் என் ஓட்டு ஃபுல் டைமுக்கே, கடிவாளம் இருந்தால். எப்போதாவது பனி பெய்கிற நகரத்துக்கு லேசான, எண்ணெய் குறைவாகக் குடிக்கிற ஆல் வீல் டிரைவ் போதும்.

பிரேக்கில் மட்டும் இருவருக்கும் சலுகை கிடையாது. எல்லாக் காருக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த ரோட்டில் சுமார் 9 மீட்டரில் நிற்கிற வண்டி, அந்தப் பனியில் 31 மீட்டர் ஓடித்தான் நிற்கும், எத்தனை சக்கரம் இழுத்தாலும். சுலபமாக ஏறிவிட்டோம் என்ற தெம்பில் இறங்கி உருண்டவர்கள் உண்டு. அங்கே பனி டயர்தான் துணை. ஃபெர்குசனுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் விமானத்தில் இருந்த டன்லப் மேக்ஸரெட் என்ற பூட்டாத பிரேக்கைத் தன் மாதிரிக் காரில் சேர்த்தார். நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் ஒரே ஒரு கருவியே போதுமானதாக இருந்தது.

இவ்வளவும் தயார். வாங்கத்தான் ஆள் இல்லை. கார் கம்பெனிகள் பார்த்தன, பாராட்டின, விலையை நினைத்துப் பின்வாங்கின. ஃபெர்குசனுக்குத் தூக்கமின்மையும் மனச்சோர்வும் நெடுநாள் தொல்லை. 1960 அக்டோபர் 25 அன்று, 75 வயதில், தன் வீட்டில் இறந்து கிடந்தார். தூக்க மருந்து அளவு மீறியிருந்தது. தவறுதலா, தெரிந்தேயா என்று விசாரணை தீர்ப்புச் சொல்லவில்லை.

பதினொரு மாதம் கழித்து, 1961 செப்டம்பர் 23. இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் மைதானம், ஈரத் தரை. ரோல்ட்டும் ஹில்லும் செய்து முடித்த ஃபெர்குசன் பி99 காரில் ஸ்டிர்லிங் மாஸ் எல்லாரையும் முந்தி வென்றார். உலகச் சாம்பியன்ஷிப் கணக்கில் சேராத பந்தயம்தான். ஆனாலும் ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றை வென்ற ஒரே நாலு சக்கர இழுவைக் கார் இன்றுவரை அதுவே. 1966-ல் அந்த அமைப்போடும் மேக்ஸரெட் பிரேக்கோடும் ஜென்சன் எஃப்எஃப் கார் விற்பனைக்கு வந்தது. விலை அதிகம், 320 வண்டிகளோடு நின்றது. 1971-ல் ரோல்ட் தனிக் கம்பெனி தொடங்கினார். அவர்களுடைய விஸ்கஸ் கப்ளிங்கைப் போட்டு அமெரிக்காவில் ஏஎம்சி ஈகிள் 1980 மாடலாக வந்தபோது, பனி பெய்கிற ஊர்களில் சாதாரணக் குடும்பங்கள் அதை வாங்கி ஓட்டின.