காற்றை அடைத்துக் காட்டிய மிருக வைத்தியர்

டன்லப் என்ற பெயர் தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதியதல்ல. டயரின் பக்கத்தில் படித்திருக்கிறோம். அந்தப் பெயர் கொண்ட கம்பெனி மலாயாவில் பெரிய பெரிய கித்தாத் தோட்டங்களை வைத்திருந்ததும் பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் டன்லப் என்று ஒரு மனிதர் இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோத்தா கோலா மூடாவிலிருந்து பீடோங் வரை மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம். ஆகவே, அந்த மனிதரின் கதை நமக்கும் வேண்டிய கதைதான்.

ஜான் பாய்ட் டன்லப், 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் மிருக வைத்தியம் படித்தார். 1867இல் அயர்லாந்துக்குப் போய், பிறகு பெல்பாஸ்ட் பட்டணத்தில் தொழில் நடத்தினார். குதிரை வண்டிகள் ஓடிய காலம். வைத்தியருக்குக் கை நிறைய வேலை. அவர் இஞ்சினியரும் இல்லை, ரப்பர் வியாபாரியும் இல்லை.

1887இல் அவருடைய சின்ன மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்றைய டயர் உள்ளே வெற்றிடமே இல்லாத கெட்டி ரப்பர். கல் பாவிய தெருவில் உடம்பே குலுங்கிப்போகும். பிள்ளை படும் பாட்டைப் பார்த்த தகப்பன் யோசித்தார். மெல்லிய ரப்பர் தகட்டை ஒட்டிக் குழாயாக்கி, ஒரு மரச் சக்கரத்தைச் சுற்றி வைத்து, மேலே துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் காற்றை ஏற்றினார். பிறகு பழைய சக்கரத்தையும் புதிய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது பாதியிலேயே சாய்ந்தது. புதியது கடைசி வரை ஓடி, கதவுக் கம்பத்தில் மோதித் திரும்பியது. விஷயம் விளங்கிவிட்டது: சுமையைத் தாங்குவது ரப்பர் அல்ல, அதற்குள் அடைபட்ட காற்று!

1888 டிசம்பரில் பேட்டண்ட் உரிமை கிடைத்தது. 1889 மே மாதம் பெல்பாஸ்ட் பந்தயத்தில் வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர் இந்தத் தடித்த டயரோடு இறங்கி, வெற்றி மேல் வெற்றி குவித்தார். தோற்றவர்களில் ஹார்வி டு குரோஸ் என்ற டப்ளின் வியாபாரியின் மகன்களும் உண்டு. தகப்பன் கெட்டிக்காரர், டன்லப்பைச் சேர்த்துக்கொண்டு உடனே கம்பெனி தொடங்கிவிட்டார்.

அதற்குள் ஓர் இடி விழுந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே இதே யோசனைக்குப் பேட்டண்ட் வாங்கியிருந்தார். அப்போது சைக்கிள் பெருகவில்லை, ரப்பரும் விலை அதிகம். அதனால் உலகம் அவரை மறந்துவிட்டது. டன்லப்பின் உரிமை செல்லாது என்றாகிவிட்டது. 1895இல் அவர் கம்பெனியை விட்டு விலகினார். மறு வருஷமே அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுனுக்குக் கைமாறியது. டயரில் பெயர் அவருடையது, பெரும் பணம் வேறு யாருக்கோ! டப்ளினில் அமைதியாக வாழ்ந்து, 1921 அக்டோபர் 23ஆம் தேதி தமது 81ஆம் வயதில் காலமானார்.

சைக்கிளுக்கு வந்த டயர் காருக்கும் போனது. கித்தாவுக்குக் கிராக்கி ஏறியது. காடு அழிந்தது, தோட்டம் எழுந்தது. கங்காணி பேச்சைக் கேட்டு நம் பாட்டன்மார் கப்பலேறினார்கள். காலையில் பெரட்டு எடுத்து, காண்டா வாளியைத் தோளில் போட்டு அவர்கள் சுமந்த பால்தான் உலகத்துக்குச் சக்கரமானது. டன்லப்புக்காவது பெயர் மிஞ்சியது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

இன்னொரு சங்கதியும் கேளுங்கள். அவர் பிறந்த ஸ்காட்லாந்தில் மலைப் பாறைகள் மீது மோட்டார் சைக்கிள் ஏற்றும் டிரையல்ஸ் போட்டி நடக்கிறது. 1965க்கு முந்திய பழைய வண்டிகளுக்கென்றே தனிப் போட்டியும் உண்டு. அதற்கு மிருதுவான ரப்பரில், சதுரக் கட்டைகள் நெருங்கிய டயராகத் தேர்ந்தெடுப்பார்கள். முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18 அங்குலம். காற்றோ வெறும் 4 முதல் 6 பவுண்டு! டயர் தளர்ந்து கல்லைக் கவ்விப் பிடிக்கும். நடக்கிற வேகத்தில் போவதால் அது சரிப்படும். விளிம்பில் டயர் நழுவாதபடி உள்ளே பூட்டும் போட்டிருப்பார்கள்.

நம்ம பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, செம்மண் ரோட்டில் வழுக்குகிறதென்று காற்றை இறக்கி, அப்படியே தார் ரோட்டில் தங்கச்சியைப் பின்னால் வைத்துப் பறக்கக்கூடாது. காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் நசுங்கி நசுங்கிச் சூடேறும். நழுவினால் தியூப்பின் வால்வு பிய்ந்துபோகும். அதற்காகக் கல்லாக அடைத்தாலும் ஆபத்துதான். மழையில் பிடிப்பு இருக்காது. வண்டிக்கு இத்தனை பவுண்டு என்று கம்பெனி கையேட்டில் போட்டிருக்கிறது. ஆள் ஏற்றினால் எவ்வளவு என்பதும் அதில் உண்டு. வாரம் ஒரு முறை, டயர் சூடாகும் முன் அளந்து பாருங்கள். வெடிப்பு விட்ட பழைய டயரை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

தன் பிள்ளையின் உடம்பு நோகக்கூடாதென்றுதான் அந்த வைத்தியர் ரப்பருக்குள் காற்றை அடைத்தார். நம் பிள்ளைகள் வேலைக்குப் போய் முழுசாக வீடு திரும்ப, ஐந்து நிமிஷம் குனிந்து டயரைப் பார்ப்பது நமக்கு ஒன்றும் பாரமில்லை.