ஏட்டிலும் களரியிலும்: பேராசிரியர் வித்தியானந்தனும் எங்கள் காமன் கூத்தும்

1962ஆம் ஆண்டில் சு. வித்தியானந்தன் இரண்டு காரியங்களைச் செய்தார். மட்டக்களப்பில் ஏட்டிலும் கொப்பியிலுமாகக் கிடந்த அலங்காரரூபன் நாடகம் என்ற தென்மோடிக் கூத்தை அச்சில் பதிப்பித்தார். அதே ஆண்டில், கர்ணன் போர் என்ற வடமோடிக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். ஒன்று படிப்பதற்கு, மற்றது பார்ப்பதற்கு. பழைய நாடகத்தை நூலாகப் படிப்பது மேலா, ஆடக் காண்பது மேலா என்ற வாதம் படித்தவர்களிடையே இன்றும் நடக்கிறது. அவரோ இரண்டு வேலையையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டில் ஒன்று தவறிப்போனால் ஒரு சமூகத்துக்கு என்ன நேரும் என்பதை ராகலையில் இருந்துகொண்டு நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் தெல்லிப்பழையில் பிறந்து, பேராதனையில் உழைத்து, யாழ்ப்பாணத்தில் துணைவேந்தராக இருந்த ஒருவரின் கதையை மலையிலிருந்து எழுதுகிறேன்.

வித்தியானந்தன் 1924 மே 8ஆம் திகதி தெல்லிப்பழை வீமன்காமத்தில் பிறந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தபோது சுவாமி விபுலாநந்தர் அங்கே முதலாவது தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். விபுலாநந்தர் 1926இல் மதங்க சூளாமணி என்ற நூலை எழுதியவர். சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்த நூல் அது. இப்படிப்பட்ட ஆசிரியரிடம் படித்த மாணவர் ஏட்டின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. இலண்டன் சென்று பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1954இல் வெளிவந்த தமிழர் சால்பு, சங்ககாலத் தமிழரின் வாழ்வைச் சொல்லும் நூல். அதுவரை அவரை நூலகத்து மனிதர் என்றே சொல்லிவிடலாம்.

ஆனால் பேராதனையில் அவருக்கு மூத்தவரான பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். அவற்றை மேடையேற்றும் பொறுப்பு வித்தியானந்தனிடம் வந்தது. மேடையில் நிற்கும் உடலும் தாளில் கிடக்கும் சொல்லும் ஒன்றல்ல என்பதை அங்கேதான் அவர் கற்றிருக்க வேண்டும்.

1956 நவம்பரில் எதிரிவீர சரச்சந்திர மனமே நாடகத்தைக் கொழும்பில் மேடையேற்றினார். சிங்கள நாடகம் தனது வேரைக் கண்டுகொண்ட நிகழ்ச்சியாக அது பேசப்பட்டது. அவர் எடுத்தாண்ட நாடகம என்ற வடிவத்துக்கு மூலம் தமிழ்க் கூத்து. சரச்சந்திரவும் பேராதனையில்தான் இருந்தார். எங்கள் வீட்டு விதையில் அயல்வீட்டு முற்றத்து மரம் காய்த்திருக்க, நம்மவர்களில் படித்தவர்கள் கூத்தை நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று ஒதுக்கிவைத்திருந்த காலம் அது.

இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவரானதும் வித்தியானந்தன் ஊர் ஊராகப் போனார். மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் என்று கூத்து விழாக்கள் நடந்தன. அண்ணாவிமார் மேடைக்கு அழைக்கப்பட்டுக் கௌரவிக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கே அதிகம் போகாத ஓர் அண்ணாவியாருக்குப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் சபையில் பொன்னாடை போர்த்துவது அந்தக் காலத்தில் சின்ன விசயம் அல்ல.

பிறகுதான் கர்ணன் போர். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். ஊரில் வட்டக்களரியில், சுற்றிவர மக்கள் இருக்க, விடிய விடிய ஆடுவது கூத்து. அதை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் மேடைக்குக் கொண்டுவந்தார். நாலு திசைக்கும் ஆடியவர்கள் ஒரு திசை பார்த்து ஆடவேண்டி வந்தது. நீண்ட வரவுகள் குறைந்தன. 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், பின்னர் வாலி வதை என்று அந்த வரிசை தொடர்ந்தது. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, அதே நாடகத்தை மட்டக்களப்பில் புதிய தலைமுறைக்குப் பழக்கி மீண்டும் மேடையேற்றினார்.

கூத்தை வெட்டிச் சுருக்கிவிட்டார் என்ற குறை அவர்மீது உண்டு. அதில் நியாயமும் உண்டு. விடியற்காலைக் குளிரில் கர்ணன் விழும்போது ஊர் அழுவதும், மின்விளக்கு மண்டபத்தில் ஒன்பது மணிக்கு அவன் விழுவதும் ஒன்றாகாது. ஆனால் அவர் சுருக்கியிராவிட்டால் கொழும்பிலும் கண்டியிலும் படித்த தமிழன் கூத்தின் பக்கம் திரும்பியே இருக்கமாட்டான் என்பதும் உண்மை.

மேடைக்காகக் கூத்தைச் சுருக்கிய அதே மனிதர் அச்சில் அதை முழுமையாகக் காக்கப் பாடுபட்டார். அலங்காரரூபனுக்குப் பிறகு மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்கக் கூத்துகளான எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964இலும், மூவிராசாக்கள் நாடகம் 1966இலும், ஞானசவுந்தரி நாடகம் 1967இலும் அவர் பதிப்பாக வந்தன. சேக்சுபியர் 1616இல் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, அவருடன் நடித்த இருவர் அவருடைய 36 நாடகங்களை ஒரே நூலாகத் திரட்டி வெளியிட்டார்கள். அவற்றில் பாதி அதுவரை அச்சேறாதவை. மக்பெத்தும் அவற்றில் ஒன்று. அந்த நடிகர்கள் அன்று சோம்பியிருந்தால் இன்று படிக்கவும் ஒன்றுமில்லை, நடிக்கவும் ஒன்றுமில்லை. மன்னார்க் கூத்துகளுக்கு வித்தியானந்தன் செய்தது இந்த வகையான வேலைதான்.

பேராதனையில் படித்த காலத்தில் அந்தப் பதிப்புகளை நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறேன். ஒரு விருத்தம், ஒரு தரு, கொஞ்சம் வசனம், மறுபடி தரு. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். தாளக்கட்டு எழுத்துகளாக நிற்கும். மேசையில் உட்கார்ந்து வாசிப்பவனுக்கு அந்த வரி ஏன் திரும்புகிறது என்று புரியாது. அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான். களரியில் அந்த ஒவ்வொரு திரும்பலும் ஒரு சுற்று ஆட்டம். ராசா அரசவைக்கு வரும் வரவு புத்தகத்தில் அரை நிமிட வாசிப்பு. களரியில் அவன் முடியும் சதங்கையுமாக வந்து, மத்தளத்தோடு மல்லுக்கட்டி, மூச்சு வாங்கி நிற்கும்வரை ஊர் அவனை விடாது. அந்த மூச்சை எந்த அச்சுக்கூடத்தாலும் அச்சடிக்க முடியாது.

எனக்கு இது விளங்கியதற்குக் காரணம், புத்தகத்துக்கு முன்னால் நான் பார்த்தது காமன் கூத்து. கந்தப்பளையைத் தாண்டி ராகலைக்கு வரும் வழியெங்கும் உள்ள தோட்டங்களில், மாசி மாதம் மூன்றாம் பிறை கண்டதும் காமன் ஊன்றுவார்கள். தப்புச் சத்தம் லயத்துக்கு லயம் கேட்கும். பகலெல்லாம் கொழுந்தெடுத்தவர்கள் இரவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காமன் பொட்டலில் கூடுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போக வேண்டாம் என்று ரதி தடுப்பாள், மன்மதன் கேட்கமாட்டான், எரிந்து சாம்பலாவான். ரதி வேடம் கட்டியவர் ஆண்தான், பக்கத்து லயத்துக்காரர்தான் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனாலும் ரதி ஒப்பாரி வைக்கத் தொடங்கியதும் அவர்களும் சேர்ந்து அழுவார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவைத்தான் அழுதாள். மூன்றாம் நாள் மன்மதன் எழுவான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். இதைத் தாளில் எழுதினால் பத்து வரிக் கதை.

வித்தியானந்தன் பதிப்பித்த அந்த நான்கு நாடகங்களில் மலையகத்துக் கூத்து எதுவும் இல்லை. பேராதனையிலிருந்து மேற்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் தோட்டம்தான். காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அங்கெல்லாம் ஆடப்பட்டன. இதை அவர்மீது குற்றமாகச் சுமத்த நான் வரவில்லை. ஒரு மனிதன் எத்தனை ஊருக்குத்தான் போவான்? ஆனால் காலம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. இராவணேசன் மேடையேறிய அதே 1964இல்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு நாட்டுத் தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் கூத்து வாத்தியார்கள் எத்தனை பேர், அவர்கள் நெஞ்சில் இருந்த பாட்டு எத்தனை என்று எந்தக் கந்தோரும் கணக்கெடுக்கவில்லை.

வித்தியானந்தனின் பிற்கால வாழ்க்கையும் இந்த நாட்டின் தீக்குள்தான் கழிந்தது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தினார். அதன் இறுதி இரவில் நடந்த உயிர்ப்பலி நம் எல்லோருக்கும் தெரியும். 1977இல் யாழ்ப்பாண வளாகத்தின் தலைவரானார்; 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது துணைவேந்தரானார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது அவர் அந்த ஊரில்தான் பதவியில் இருந்தார். ஏட்டை அச்சாக்கினால் அது தப்பிக்கும் என்று நம்பி உழைத்த ஒருவர், அச்சானதும் எரியும் என்பதைப் பார்க்கவேண்டியிருந்தது. 1988 வரை பதவியில் இருந்து, 1989 ஜனவரியில் காலமானார்.

இனி எங்கள் கதை. எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்கு வாத்தியாராக இருந்தவர் எனக்குச் சின்னத் தாத்தா முறை. 1977 கலவரத்துக்குப் பிறகு அவருடைய குடும்பம் வவுனியாவுக்கும் பிறகு கிளிநொச்சிப் பக்கத்துக்கும் போனது. பெட்டிக்குள் கூத்துக் கொப்பியும் போனது. போன இடத்திலும் மாசியில் காமன் ஊன்றினார்கள் என்று கடிதம் வரும். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது முதலில் பெட்டி போனது. பிறகு தாத்தாவும் போனார். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்து எங்களைத் தேடி ராகலைக்கு வந்தவர் அவருடைய மகன், எனக்குச் சித்தப்பா.

கூத்துப் பாட்டைச் சொல்லுங்கள் சித்தப்பா, எழுதிக்கொள்கிறேன் என்று பேனாவுடன் உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் அவருக்கு வரவில்லை. சில நாள் கழித்து, கோயில் திருவிழாவுக்காகப் பையன்கள் லயத்து முற்றத்தில் தப்பைக் காய்ச்சி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து போய், அடியைக் கொஞ்சம் தணிக்கச் சொன்னார். கால் நகர்ந்தது. காலோடு பாட்டும் வந்தது. நான் கைபேசியில் பதிந்துகொண்டேன். கொப்பியில் இருந்தது எரிந்தோ மண்ணில் புதைந்தோ போயிருக்கலாம். காலில் இருந்தது அப்படியே இருந்தது.

ஆனால் அவர் இளமையில் கட்டியது ரதி வேடம். ரதி பாடவேண்டியது எல்லாம் அவரிடம் இருந்தது. மன்மதன் என்ன பதில் சொன்னான், எமன் என்ன பாடினான், கடைசியில் சிவன் எந்தச் சொல்லால் இரங்கினார் என்பதெல்லாம் தாத்தாவின் பங்கு. அவை அவருடனும் கொப்பியுடனும் போய்விட்டன. பக்கத்துத் தோட்டங்களில் வேறு பாடம் உண்டு. ஆனால் அது எங்கள் பாட்டின் மெட்டில் உட்காராது. இன்றைக்கு எங்களிடம் இருப்பது புலம்பல் மட்டும். அதற்கான பதில் வன்னியில் எங்கோ தொலைந்துவிட்டது. சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை.

அச்சில் ஒரு பிரதி பேராதனை நூலகத்தில் இருந்திருந்தால் அந்தப் பதிலை இன்று எடுத்து வாசித்திருப்பேன். அச்சு மட்டும் இருந்து சித்தப்பாவின் கால் இல்லாமல் போயிருந்தால், எந்த வரியில் ரதி சுழல்கிறாள், எந்த வரியில் விழுகிறாள் என்று தெரியாத ஒரு பாட்டுப் புத்தகமாக அது கிடந்திருக்கும். படிப்பதும் பார்ப்பதும் போட்டிக்கு நிற்பவை என்று இனிமேல் யாரும் என்னிடம் சொல்லமுடியாது.

இப்போது தோட்டத்துப் பையன்கள் காமன் கூத்தைக் கைபேசியில் படம்பிடித்து உடனே போட்டுவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு நிமிடத் துண்டுகள்தான் மிஞ்சுகின்றன. அதிலும் எரியும் காட்சி மட்டும். பாட்டு முழுவதையும் யாரும் எழுதுவதில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இதே நிலையில் எத்தனை ஊர்கள் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கூத்தில் ஒரு வேடக்காரர் மட்டும் உயிரோடு இருப்பார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.

வித்தியானந்தனுக்குக் கலைக்கழகம் இருந்தது, பல்கலைக்கழகம் இருந்தது. நமக்கு அவை இல்லாவிட்டாலும் ஒரு கொப்பியும் ஒரு கைபேசியும் உண்டு. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவரை உட்காரவைத்துக் கேட்காதீர்கள். தப்போ மத்தளமோ அடிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆடும்போது பதியுங்கள், ஆடி முடித்ததும் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்துங்கள். அடுத்த மாசிக்கு நாங்கள் இங்கே ரதியின் பங்கை மட்டும் வைத்து ஆடப்போகிறோம். மற்ற வேடங்கள் வந்து நிற்கும். அவர்கள் பாடவேண்டிய இடத்தில் தப்பு மட்டும் ஒலிக்கும்.