எட்மண்ட் பர்க்: பேணலும் திருத்தலும்

முன்னோர் தந்த அமைப்பை இடித்துப் புதியது கட்டுவதா? பழுதுநீக்கிப் பின்னோர்க்கு அளிப்பதா? அரசியலில் என்றும் எழும் இவ்வினாவுக்குப் பின்னதையே விடையாகக் கொண்டவர் எட்மண்ட் பர்க். பழைமைபேணும் அரசியல் கோட்பாட்டின் தந்தையாக அவர் கருதப்படுகிறார்.

பர்க், அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1729ஆம் ஆண்டு பிறந்தார். அங்குள்ள டிரினிட்டி கல்லூரியில் பயின்றார். சட்டம் கற்க இலண்டன் சென்றவரை எழுத்து ஈர்த்துக்கொண்டது. 1765இல் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினரானார். 1774இல் பிரிஸ்டல் நகரின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, வாக்காளர் கருத்தை மதிப்பது தம் கடமை எனினும், தம் மனச்சான்றை அவர்களுக்காக விட்டுக்கொடுக்க இயலாது என்று அவர்களிடமே உரைத்தார். அயர்லாந்தின் வணிக உரிமைக்குத் துணைநின்றமையால் அவ்வணிக நகரின் ஆதரவை 1780இல் இழந்தார், கொள்கையை இழக்கவில்லை.

1782இல் படைகளுக்குப் பணம் வழங்கும் துறையின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிட்டியது. அப்பதவியில் முன்பிருந்தோர், கையிருப்பிலுள்ள அரசுப் பணத்தால் தாம் ஆதாயம் அடைவது வழக்கமாக இருந்தது. பர்க் அப்பணத்தை இங்கிலாந்து வங்கியில் வைக்கச் சட்டம் கொணர்ந்தார். பழைமையைப் போற்றியவரே பழைய முறைகேட்டை ஒழித்தார்.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர் உள்ளிட்ட பலரிடம் பெருங்கடன் பட்டிருந்தார். உரிய விசாரணையின்றி அக்கடன்களை அந்நாட்டு வரிவருவாயிலிருந்து தீர்க்க ஆங்கில அரசு முடிவுசெய்தது. இந்தியாவைக் கண்டிராத பர்க், 1785இல் நாடாளுமன்றத்தில் அதனை எதிர்த்தார். வருங்கால மக்களையும் மனத்திற்கொண்டு அரசர்கள் அமைத்த ஏரிகளைப் பேணாது, உழவரின் வரிப்பணத்தைக் கடன்கொடுத்தோர்க்கு வாரிவழங்குவது அறமன்று என வாதிட்டார். அம்முயற்சி தோற்றது. வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது அவர் முன்னின்று நடத்திய குற்றவிசாரணையும் 1788 முதல் ஏழாண்டுகள் நீண்டு, விடுதலையில் முடிந்தது.

1790இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து நூல் எழுதினார். சமுதாயம் என்பது மறைந்தோர், வாழ்வோர், பிறக்கவிருப்போர் ஆகிய முத்திறத்தார்க்கும் உரியது என்பது அதன் அடிப்படைக் கருத்து. இறந்தோர் வகுத்த முறை வாழ்வோரைக் கட்டுப்படுத்தலாகாது எனத் தாமஸ் பெயின் மறுத்தெழுதினார். அவ்விவாதம் இன்றும் ஓயவில்லை.

1797இல் பர்க் மறைந்தார். அதிகாரம் உடைமையன்று, ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்பதே அவர் வாழ்வு ஆட்சியாளர்க்கு உணர்த்தும் பாடம். ஏரியைக் காப்பவன் அதன் கரையையும் காலந்தோறும் செப்பனிட வேண்டும் அன்றோ?