அலோயிஸ் ஆல்சைமர்

முதுமையில் நினைவை அழிக்கும் கொடுநோய் ஒன்றின் பெயராக ஆல்சைமர் என்னும் சொல்லை யாவரும் அறிவர். அப்பெயர்க்குரியாரின் வாழ்வை அறிந்தார் சிலரே. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜெர்மனியின் பவேரியா நாட்டு மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் 1864-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் இவர் பிறந்தார். 1887-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டு பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவசாலையில் பணி ஏற்றார். நரம்பணுக்களுக்குச் சாயமேற்றிக் காணும் கலையில் வல்லவரான பிரான்ஸ் நிசல் ஆங்கு இவர்க்கு உற்ற நண்பரானார்.

1901-இல் இவர்தம் மனைவியார் மூன்று மக்களை விட்டு இறந்தார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அகுஸ்தே என்னும் 51 வயது மாது மருத்துவசாலைக்குக் கொணரப்பட்டார். தம் பெயரை எழுதத் தொடங்கி, முடிக்குமுன் மறந்துவிடும் நிலையினர் அவர். ஆல்சைமர் அவர் அருகிருந்து வினவி, விடைகளை ஒன்றும் விடாது குறித்து வைத்தார். பின்னர் மியூனிக் நகரில் கிரெப்பலின் என்னும் பேராசிரியரிடம் பணிபுரியச் சென்றும் அம்மாதை மறந்தாரல்லர். 1906 ஏப்ரலில் அகுஸ்தே இறப்ப, அவர் மூளையை வருவித்து, வெள்ளி உப்பால் நிறமேற்றி நோக்கினார். நரம்பணுக்களின் புறத்தே படிவுகளும், அகத்தே முறுக்குண்ட நார்ச்சிக்கல்களும் காணப்பட்டன.

அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் டூபிங்கன் அவையில் இதனை உரைத்தார். கேட்டோர் ஒரு வினாவும் எழுப்பிலர். எனினும் கிரெப்பலின் 1910-இல் தம் நூலில் அந்நோய்க்கு இவர் பெயரையே இட்டார். 1912-இல் பிரெஸ்லாவில் பேராசிரியரான இவர், 1915 டிசம்பர் 19-ஆம் நாள் உயிர் துறந்தார். அப்பொழுது இவர்க்கும் வயது 51.

இவர் கண்ட நார்ச்சிக்கல் டௌ என்னும் புரதத்தால் ஆயது என்பது 1986-ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. நரம்பணுவினுள் உள்ள நுண்குழல்களைத் தாங்கி நிற்பது அப்புரதம். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இயல்பாக 2 அல்லது 3 பாஸ்பேட்டுகளே ஒட்டியிருக்கும். நோயுற்ற மூளையிலோ அவை மூன்று நான்கு மடங்காகப் பெருகும். பெருகியவழி, டௌ தன் பிடி தளர்ந்து குழலினின்றும் நீங்கி, ஒன்றோடொன்று பிணைந்து சிக்குறும். தாங்குவாரின்றிக் குழல்களும் சிதையும். மிகையான பாஸ்பேட்டை நீக்கின் டௌ மீண்டும் தன் தொழிலைச் செய்தல் சோதனைச்சாலையில் காணப்பட்டுளது. நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் கைகூடவில்லையாயினும், நம்பிக்கைக்கு இடனுண்டு.

இவ்வறிவுக்கெல்லாம் வித்திட்டது யாது? தம்மையே மறந்த ஓர் ஏழை மாதை இவர் மறவாமையே. அவை வாளாவிருந்த காலத்தும் கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்த இப்பெரியாரின் பொறுமையை, கல்வி பயிலும் நாமும் கைக்கொள்வோமாக.