ஆயிரம் ஆண்டுகள் மறைந்திருந்த வெற்றி: அபூபக்ர் அஸ்ஸூலி

அப்பாஸிய கலீஃபாக்களின் பக்தாதில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அபூபக்ர் முஹம்மத் இப்னு யஹ்யா அஸ்ஸூலி. கவிஞர்கள் அபூ நுவாஸ், அபூ தம்மாம் ஆகியோரின் கவிதைகளைத் திரட்டித் தந்தவர். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது சதுரங்கத்துக்காக.

கலீஃபா முக்தஃபீயின் அவையில் அல்மாவர்தீ என்பவர்தான் முதல் ஆட்டக்காரர். கலீஃபாவின் ஆதரவும் அவருக்கே. கலீஃபா முன்னிலையிலேயே அஸ்ஸூலி அவரைத் தெளிவாக வென்றார். அன்றிலிருந்து அந்த இடம் இவருடையது. பின்னாளில் கலீஃபாவான ராழீக்குச் சிறுவயதில் ஆசிரியராகவும் இருந்தார்.

அஸ்ஸூலி ஓர் இறுதியாட்டப் புதிரை விட்டுச் சென்றார. இரு பக்கமும் ஒரு ராஜா, ஒரு மந்திரி மட்டும். அன்றைய ஷத்ரஞ்ச் ஆட்டத்தில் மந்திரி மூலைவாட்டில் ஒரு கட்டம்தான் நகரும். எதிரியின் மந்திரியை வெட்டி ராஜாவைத் தனியாக்கினால் வெற்றி. பார்ப்பவருக்கு இது சமநிலை ஆட்டமாகவே தெரியும். வெள்ளைக்கு வெற்றி உண்டு என்றார் அவர். தம்மிடம் கற்றவரைத் தவிர வேறு யாராலும் அதைக் காண முடியாது என்றும் எழுதினார்.

அப்படியே ஆயிற்று. அவர் மாணவர் அல்லஜ்லாஜ் ஆட்டத் தொடக்கங்களைப் பற்றி எழுதி வைத்தார். இந்தப் புதிரின் விடையோ யாருக்கும் கிடைக்கவில்லை. 1980களில்தான் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவர்பாக் அதற்குத் தீர்வை வெளியிட்டார். பலகையில் வெற்றி இருந்தும், ஆயிரம் ஆண்டுகள் அதை யாரும் காணவில்லை.

940இல் ராழீ இறந்ததும் அரண்மனை ஆதரவு போயிற்று. அலீ (ரலி) அவர்கள் குறித்து அவர் அறிவித்த ஒரு செய்தி எதிர்ப்பைக் கிளப்ப, பஸராவுக்குச் சென்று மறைந்து வாழ்ந்தார். 946 வாக்கில் அங்கேயே வறுமையில் காலமானார்.

சதுரங்கம் ஆடுவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பந்தயம் கட்டி ஆடுவதோ, தொழுகையை விட்டு ஆடுவதோ கூடாது என்பதில் வேறுபாடு இல்லை.

அஸ்ஸூலியின் வாழ்க்கை சொல்லும் பாடம் ஆட்டத்தைத் தாண்டியது. அவர் எழுதிய கலீஃபாக்களின் வரலாறான கிதாபுல் அவ்ராக்கின் பகுதிகளை இன்றும் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். அவர் தம்மோடு வைத்துக்கொண்ட விடை அவரோடு போயிற்று. நாம் கற்ற இல்மைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் எழுதியும் வைப்போம்.